ஊசியும் அணிகலனும்: பேரிளவரசி மரியா பாவ்லோவ்னாவின் தன்வரலாற்று நூல்களில் உழைப்பு பற்றிய அறிவும் அதன் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ரஷ்யப் பேரரச குடும்பத்தில் பிறந்து, 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் பாரிசில் பூத்தையல் தொழில் நடத்தியவர் மரியா பாவ்லோவ்னா (1890-1958). அவர் எழுதிய இரு தன்வரலாற்று நூல்களை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. இவ்வகை நூல்கள் ‘புரட்சிக்கு முன்’, ‘புரட்சிக்குப் பின்’ என்னும் இருபகுப்பில் வைத்தே பெரும்பாலும் வாசிக்கப்படுகின்றன. மரியாவின் பனுவலில் உண்மையான முறிவு அரசியல் நிகழ்வில் நேர்வதில்லை. ஆசிரியரின் கை உழைக்கத் தொடங்கும் இடத்தில் நேர்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது. உழைப்பின் எடையைத் தம் உடலால் அறிந்த ஆசிரியர், அவ்வறிவைப் பிறர் உழைப்புக்கு நீட்டாமல் விடும் இடமே இந்நூல்களின் எல்லை என்பதும் நிறுவப்படுகிறது. ஒப்பீட்டுக்காக, ரஷ்யாவிலேயே தங்கிப் பணியாற்றிய ஆடை வடிவமைப்பாளர் நதேழ்தா லமானொவாவின் வாழ்வு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தன்வரலாறு, ரஷ்யப் புரட்சி, புலம்பெயர்வு, உழைப்பு, பூத்தையல், மரியா பாவ்லோவ்னா, லமானொவா

1. முன்னுரை

ரஷ்யப் புரட்சி தமிழ் வாசகருக்கு அயலான பொருளன்று. ஜார் ஆட்சி வீழ்ந்ததைப் பாரதி ‘புதிய ருஷியா’ எனப் பாடினார். மக்சீம் கார்க்கியின் ‘தாய்’ தொ.மு.சி. ரகுநாதனின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட தமிழ் நூல்கள் பல பத்தாண்டுகள் நம் நூலகங்களில் இடம்பெற்றிருந்தன. இவ்வழியாக நாம் அறிந்த ரஷ்யா பெரிதும் எழுச்சி கொண்டவர்களின் ரஷ்யா ஆகும். வீழ்ந்தவர்கள் தம் வீழ்ச்சியைப் பற்றி எழுதிய நூல்கள் தமிழ் ஆய்வுலகில் அரிதாகவே பேசப்பட்டுள்ளன.

அவ்வாறு பேசப்படும் போதும் இருவகை வாசிப்புகளே முன்நிற்கின்றன. ஒன்று இரங்கல் வாசிப்பு: உயர்நிலையில் இருந்தவர் தாழ்நிலை அடைந்ததை அவலமாகக் காண்பது. மற்றொன்று தீர்ப்பு வாசிப்பு: ஆளும் வகுப்பார் எழுதியது என்பதனாலேயே அதனை ஒதுக்குவது. முன்னது ஆசிரியர் கூறுவதை அப்படியே ஏற்கிறது. பின்னது ஆசிரியர் கூறுவதைக் கேட்பதே இல்லை. இரண்டுமே பனுவலைப் படிக்காமல் பனுவலுக்கு வெளியே உள்ள முடிவொன்றைப் பனுவலின்மீது சுமத்துகின்றன. இக்கட்டுரை மூன்றாவது வழியொன்றைத் தேடுகிறது. நூலில் வரும் பொருள்களையும் கைச்செயல்களையும் பின்தொடர்ந்து, ஆசிரியர் எதனை அறிந்தார், எதனை அறியாமல் நின்றார் என்று காண்பதே அவ்வழி.

2. ஆசிரியரும் நூல்களும்

மரியா பாவ்லோவ்னா 1890ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். இரண்டாம் அலெக்சாந்தரின் பேத்தி. இறுதி ஜாரான இரண்டாம் நிக்கோலாசின் சிற்றப்பா மகள். அதே பெயர் கொண்ட மற்றொரு பேரிளவரசி அக்குடும்பத்தில் வாழ்ந்ததால், இவரை ‘இளையவர்’ எனக் குறிப்பது வழக்கம். 1891இல் தம்பி திமித்ரி பிறந்தபோது தாய் இறந்தார். தந்தை பாவெல் அலெக்சாந்த்ரோவிச் 1902இல் அரச குல மரபை மீறி மறுமணம் செய்ததால் நாடு கடத்தப்பட்டார். பிள்ளைகள் இருவரும் மாஸ்கோவின் ஆளுநராக இருந்த பெரியப்பா செர்கேய் அலெக்சாந்த்ரோவிச், அவர் மனைவி எலிசவேத்தா ஃபியோதரோவ்னா ஆகியோரின் பொறுப்பில் வளர்ந்தனர். 1908இல் ஸ்வீடன் இளவரசர் வில்ஹெல்மை மணந்த மரியா, 1914இல் மணமுறிவு பெற்றார். 1917இல் இளவரசர் செர்கேய் புத்யாதினை மணந்து, 1918இல் உக்ரைன் வழியாக ருமேனியா சென்றார். அதன்பின் லண்டன், பாரிஸ், நியூயார்க், அர்ஜென்டீனா என அவர் வாழ்வு இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. 1958இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் நகரில் இறந்தார்.

அவருடைய முதல் நூல் ‘ஓர் இளவரசியின் கல்வி’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1930இல் நியூயார்க்கில் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியான ‘புலம்பெயர் இளவரசி’ 1932இல் வெளிவந்தது. முதல் நூலைப் பிரெஞ்சிலும் ரஷ்ய மொழியிலுமாக அவர் எழுத, அது ரஸ்ஸல் லார்டு என்னும் அமெரிக்கரின் மேற்பார்வையில் ஆங்கிலமாக்கப்பட்டு அச்சேறியது. பிறந்த மண்ணில் அச்சாக வழியற்ற நூல் அது. எழுதிய மொழிகளில் அன்றி விற்பனையாகும் மொழியில் முதலில் வெளிவந்தது. அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இருந்த ஆண்டுகள் அவை. அனைத்தையும் இழந்து கைத்தொழிலால் எழுந்த இளவரசியின் கதைக்கு அங்கே வாசகர் காத்திருந்தனர் என்பதைக் கருத்தில் கொள்ளாமல் இந்நூல்களின் அமைப்பை விளங்கிக்கொள்ள இயலாது. இழந்த உலகம் பற்றிய நினைவும் அன்று விலைபெறும் பொருளே.

3. ‘கல்வி’ என்னும் சட்டகம்

முதல் நூலின் தலைப்பிலுள்ள ‘கல்வி’ என்னும் சொல் கவனத்திற்குரியது. அரண்மனை அளித்த பயிற்சியை அச்சொல் குறிப்பதாக முதலில் தோன்றும். ஆயின் நூலினுள் அக்கல்வி ஒரு குறையாகவே சித்திரிக்கப்படுகிறது. ஆங்கிலச் செவிலியரிடம் வளர்ந்த அவர், ஆறு வயதுவரை ரஷ்ய மொழியைப் பேசக் கல்லாதவர் எனத் தாமே பதிவு செய்கிறார். எந்நாட்டின் பேரிளவரசியோ அந்நாட்டின் மொழியே அவருக்கு அயலாக இருந்தது. கீழ்ப்படிதல், சடங்கொழுங்கு, உணர்வை அடக்குதல் ஆகியவை கற்பிக்கப்பட்டன. நாட்டைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ தம் வாழ்வைத் தாமே முடிவு செய்வதைப் பற்றியோ எதுவும் கற்பிக்கப்படவில்லை.

இத்தன்விமர்சனம் நூலின் வலிமை. தம் குலத்தின் செயலின்மையை ஆசிரியர் மறைப்பதில்லை. 1905 பிப்ரவரியில் செர்கேய் அலெக்சாந்த்ரோவிச் இவான் கலியாயெவ் எறிந்த குண்டால் கிரெம்ளினில் கொல்லப்பட்டதையும், சிதறிய உடலை எலிசவேத்தா பனியிலிருந்து திரட்டியதையும் அவர் விவரிக்கும் பகுதியில் மிகையுணர்ச்சி இல்லை. தம் வகுப்பின் மீதான வெறுப்பு எவ்வளவு ஆழமானது என்பதற்கான முதல் பாடமாக அது நூலில் அமைகிறது.

ஆயினும் இச்சட்டகத்திற்கு ஒரு விலை உண்டு. வாழ்வு முழுவதையும் ‘கல்வி’ எனக் கொண்டால், நிகழ்வன எல்லாம் ஆசிரியருக்கான பாடங்களாகின்றன. போர் ஒரு பாடம். புரட்சி ஒரு பாடம். 1919 ஜனவரியில் தந்தை பெத்ரோகிராதின் பீட்டர்-பால் கோட்டையில் சுட்டுக்கொல்லப்பட்டது ஒரு பாடம். பல இலட்சம் மக்களின் வாழ்வை மாற்றிய நிகழ்வு, ஒருவர் பக்குவம் அடைவதற்கான கருவியாகச் சுருங்கும் ஆபத்து இதிலுள்ளது. இந்நூல்கள் அவ்வாபத்திலிருந்து எங்கே மீள்கின்றன, எங்கே அதில் வீழ்கின்றன என்பதைக் காண, நூலில் வரும் இரு பொருள்களைப் பின்தொடர்வது பயன்தரும். அவை அணிகலனும் ஊசியும்.

4. அணிகலன்: எடை, மறைபொருள், விலை

1908ஆம் ஆண்டுத் திருமணப் பகுதியில் அணிகலன் எடையாக வருகிறது. பேரரச குடும்ப மணமகளுக்கு மரபுப்படி அணிவிக்கப்படும் மணிமுடியும் காதணிகளும் மேலங்கியும் பதினெட்டு வயதுப் பெண்ணின் உடலை அழுத்துகின்றன. விருந்தின்போது காதணிகளின் கனம் தாங்காமல் அவற்றைக் கழற்றித் தம் கண்ணாடிக் குவளையின் விளிம்பில் தொங்கவிட்டதாக அவர் எழுதுகிறார். நகைச்சுவை போலத் தோன்றும் இச்சிறு நிகழ்ச்சி, அரச குலப் பெண்ணின் நிலையை முழுமையாக உணர்த்துகிறது. அணிகலனை அவர் உடைமையாகக் கொள்ளவில்லை. அணிகலனைச் சுமந்து காட்டும் உடலாக அவர் இருந்தார்.

புரட்சியின்போது அதே வகைப் பொருள் மறைபொருளாகிறது. கற்கள் மைப்புட்டியினுள் இடப்பட்டு, மேலே மெழுகு ஊற்றப்பட்டு, வீட்டிலேயே எல்லோர் கண்முன்னும் வைக்கப்படுகின்றன. ஒளிர்வதற்கென்றே இருந்த பொருள் ஒளியின்மையால் காக்கப்படுகிறது. எல்லை கடந்தபின் அது மூன்றாவது வடிவம் கொள்கிறது: விலை. ரஷ்யாவிலிருந்து வெளியேறியோர் பலரும் ஒரே காலத்தில் நகை விற்கத் தொடங்கியதால் சந்தையில் விலை சரிந்தது. எடையாகவும் பின்பு மறைபொருளாகவும் இருந்த அணிகலன் இறுதியில் வாடகையாகவும் உணவாகவும் கரைகிறது.

இவ்வளவும் இழப்பின் கதை. அணிகலனை மட்டும் பின்தொடர்ந்தால் ‘முன்’, ‘பின்’ என்னும் இருபகுப்பு சரியாகவே பொருந்தும். இரங்கல் வாசிப்பு இங்கேயே நின்றுவிடுகிறது. ஊசியைப் பின்தொடரும்போது கதை வேறாகிறது.

5. ஊசி: முறிவு நேரும் இடம்

ஆசிரியரின் கை உழைக்கத் தொடங்கியது புரட்சிக்குப் பின்னர் அன்று. 1914இல் உலகப்போர் மூண்டதும் அவர் செவிலியராகப் பயிற்சி பெற்று முதலில் கிழக்குப் பிரஷ்யப் போர்முனையிலும், பின்னர் ப்ஸ்கோவ் நகர மருத்துவமனையிலும் பணியாற்றினார். அப்பகுதிகளின் மொழிநடை முந்தைய பகுதிகளிலிருந்து வேறுபடுகிறது. அரண்மனைப் பகுதிகளில் அவர் பெரிதும் செயப்படுபொருளாக இருக்கிறார்: அழைத்துச் செல்லப்படுகிறார், உடுத்தப்படுகிறார், மணம் முடித்து வைக்கப்படுகிறார். மருத்துவமனைப் பகுதியிலோ அவர் வினைமுதல் ஆகிறார். கட்டுப்போடுகிறார், முடிவெடுக்கிறார், களைப்படைகிறார். தாம் பயன்படுகிறோம் என்னும் மகிழ்ச்சி முதன்முதலாக இங்கேதான் ஒலிக்கிறது. அவ்வாண்டிலேயே அவர் பிறர் அமைத்த மணவாழ்விலிருந்தும் விடுபட்டிருந்தார் என்பது தற்செயலன்று.

எனவே, பனுவலின் உண்மையான முறிவு 1917 அன்று, 1914. அரசியல் புரட்சிக்கு மூன்றாண்டு முன்பே அவருடைய தனிவாழ்வில் ஒரு மாற்றம் நேர்ந்துவிட்டது. பின்னர் வந்த இழப்பை அவரால் தாங்க முடிந்ததற்கு மனவுறுதி மட்டும் காரணமன்று; உழைப்பின் சுவையை அவர் முன்னரே அறிந்திருந்தார்.

இவ்வறிவு பாரிசில் தொழிலாக மாறுகிறது. 1921இல் கோகோ ஷனேலின் ஆடைக்கூடத்தில் நிகழ்ந்த உரையாடல் ஒன்றை இரண்டாம் நூல் விவரிக்கிறது. பூத்தையல் செய்து தரும் பெண்ணொருவரிடம் ஷனேல் பேரம் பேசுகிறார். ஒரு மேற்சட்டைக்கு அப்பெண் கேட்பது 600 பிராங்க். அருகிலிருந்த மரியா, 150 பிராங்க் குறைத்து அதே வேலையைத் தாம் செய்து தருவதாகக் கூறுகிறார். பிறகு பூத்தையல் பொறி ஒன்றை வாங்கி, தொழிற்கூடத்தில் பணிப்பெண்களிடையே, தாம் யாரென்பதைச் சொல்லாமல் அமர்ந்து அதனை இயக்கக் கற்கிறார். அவ்வாறு தோன்றியதே ‘கித்மிர்’ என்னும் நிறுவனம். குகையில் உறங்கியோர் பற்றிய கீழைத்தேய மரபுக்கதையில் அவர்களைக் காத்து உடனிருந்த நாயின் பெயர் அது. 1922இல் ஷனேலின் படைப்புகளில் கித்மிரின் பூத்தையல் புகழ்பெற்றது. கணவரின் தாயாரும் புலம்பெயர்ந்த ரஷ்யப் பெண்களும் அங்கே பணியாற்றினர்.

இப்பகுதி வெற்றிக்கதையாகவே பொதுவாக எடுத்துரைக்கப்படுகிறது. பேரம் நிகழ்ந்த அந்த அறையை நாம் மீண்டும் நோக்க வேண்டும். அங்கே மூன்று பெண்கள் இருந்தனர். உழைப்புச் சந்தையில் மரியா வைத்த முதல் அடி, மற்றோர் உழைக்கும் பெண்ணின் கூலியைக் கீழிறக்கிய அடியாகும். நூல் இதனை மறைக்கவில்லை. விலையையும் வேறுபாட்டையும் எண்ணால் பதிவு செய்கிறது. ஆயின் அந்தப் பெண்ணுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்னும் வினா நூலின் கவலையாக வளர்வதில்லை. அவர் கதையின் தொடக்கத்திற்குத் தேவைப்பட்டார். தேவை முடிந்ததும் விலகிவிட்டார். கித்மிரில் பணியாற்றிய பெண்களும் ஆசிரியரின் முயற்சிக்குச் சூழலாக வருகின்றனரே அன்றித் தனித்த வாழ்க்கைக் கதைகளாக விரிவதில்லை.

திருமணப் பகுதியை இத்துடன் இணைத்து வாசித்தால் ஓர் உண்மை புலனாகும். 1908ஆம் ஆண்டு மேலங்கியின் கனத்தை அவர் உணர்ந்தார். அதில் பொன்னிழை பதித்த கைகளைப் பற்றி அப்போது எண்ண அவருக்கு வழியில்லை. பின்னர் அவரே ஊசியைக் கையிலெடுத்தார். தோள்வலியையும் கண்வலியையும் அறிந்தார். அவ்வறிவோடு பின்னோக்கி நடந்து, பழைய மேலங்கியைத் தைத்தவர்களிடம் அவர் சென்றடையவில்லை. உழைப்பை அறிந்தவர், உழைப்பவரின் பெயரைக் கேட்காமல் நின்றார்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தன்வரலாறு எழுதுபவர் தம் வாழ்வைத்தானே எழுத வேண்டும். பிறர் வாழ்வை எழுதவில்லை எனக் குறை கூறுவது முறையா என்பது அம்மறுப்பு. பொதுவாக ஏற்கத்தக்கதே இது. ஆனால் இந்நூல் தன்னைக் ‘கல்வி’ என அழைத்துக்கொள்கிறது. கற்றதை அளக்கும் அளவுகோலை நூலே நம் கையில் தருகிறது. அவ்வளவுகோலைப் பயன்படுத்துவது நூலுக்கு நாம் அளிக்கும் மதிப்பேயாகும்.

6. 1925: ஒரே கண்காட்சியில் இரு ஊசிகள்

1925ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற அலங்காரக் கலைகளின் பன்னாட்டுக் கண்காட்சியில் கித்மிருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. அதற்கான சான்றிதழ் ‘திருவாளர் கித்மிர்’ என ஓர் ஆணுக்கு முகவரியிடப்பட்டு வந்ததை மரியா நகையுணர்வுடன் பதிவு செய்கிறார். பேரரசில் பட்டப்பெயராலும் சந்தையில் நிறுவனப் பெயராலும் மறைக்கப்பட்ட ஒரு பெண்ணை அச்சான்றிதழ் மூன்றாம் முறையாகவும் மறைத்தது எனலாம்.

அதே கண்காட்சியில் கன்ஸ்தந்தீன் மெல்னிக்கோவ் வடிவமைத்த சோவியத் அரங்கமும் நின்றது. சோவியத் தரப்பில் ஆடைகளுக்காக உயரிய பரிசு பெற்றவர் நதேழ்தா லமானொவா (1861-1941). வளம் குன்றிய பிரபுக் குடும்பத்தில் தோன்றி, இளமையிலேயே தையலைத் தொழிலாகக் கொண்டு, பேரரசவைக்கு ஆடை வழங்குநர் என்னும் நிலைக்கு உயர்ந்தவர் அவர். மரியாவின் உலகத்தை உடுத்திய கைகளுள் ஒன்று அது. புரட்சிக்குப் பின் அவர் நாட்டை விட்டு வெளியேறவில்லை. 1919இல் சிறைப்பட்டு விடுதலையான அவர், தொடர்ந்து பணியாற்றினார். பட்டும் பொன்னிழையும் கிடைக்காத காலத்தில் முரட்டுக் கைத்தறித் துணியையும் சிற்றூர்ப் பூத்தையல் துவாலைகளையும் கொண்டு புதிய ஆடைகளை உருவாக்கினார். சிற்பி வேரா முகினாவுடன் இணைந்து, எளிய மக்கள் தாமே தைத்துக்கொள்ளத்தக்க ஆடைகளின் மாதிரிகளை 1925இல் வெளியிட்டார்.

இருவரும் ரஷ்ய நாட்டுப்புறப் பூத்தையலையே மூலப்பொருளாகக் கொண்டனர். ஒருவர் கையில் அது பாரிஸ் சீமாட்டிகளின் மேற்சட்டைக்கு நாடிழந்தோர் அளித்த அழகாயிற்று. மற்றவர் கையில் அது புதிய அரசு உலகுக்குக் காட்டிய மக்கள் கலையாயிற்று. அம்மரபைப் பல தலைமுறைகளாக வளர்த்த சிற்றூர்ப் பெண்களின் பெயர்கள் இரு தரப்பிலும் வெளிப்படவில்லை. ஆகவே, உழைப்பவரின் பெயர் மறைவது ஆளும் வகுப்பாரின் தன்வரலாற்றுக்கு மட்டும் உரிய குறை என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது.

ஆயினும் ஒரு வேறுபாடு முதன்மையானது. மரியா இரு நூல்களை எழுதினார். தம் பூத்தையல் பற்றியும் தாம் அடைந்த களைப்புப் பற்றியும் உலகம் அவர் வாய்வழியே அறிகிறது. வாழ்நாள் முழுவதும் தைத்த லமானொவாவை நாம் அவர் ஆக்கிய ஆடைகளின் வழியாகவும் பிறர் குறிப்புகளின் வழியாகவுமே பெரிதும் அறிகிறோம். புரட்சிக்கு முன்னும் பின்னும் உழைத்தவரின் வாழ்வில் ‘முன்’, ‘பின்’ என்னும் கூர்மையான கோடு இல்லை. கதையாக எடுத்துரைக்கத்தக்க வீழ்ச்சியும் இல்லை. வீழ்ச்சியே வாசகரை ஈர்க்கும் கதை என்றால், வீழ்வதற்கு உயரம் இல்லாதோரின் வாழ்வு எழுதப்படாமலே போகும்.

7. முடிவுரை

இவ்வாய்வின் வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மரியா பாவ்லோவ்னாவின் நூல்களைப் புரட்சிக்கு முன்-பின் என இரண்டாகப் பகுத்து வாசிப்பது பனுவலுக்குப் பொருந்தாது. கை உழைக்கத் தொடங்கிய 1914ஆம் ஆண்டே அவற்றின் உள்முறிவு. இரண்டாவது, தம் வகுப்பின் அறியாமையை இந்நூல்கள் நேர்மையுடன் ஒப்புகின்றன. அவ்வொப்புதலை ஒதுக்கிவிடும் தீர்ப்பு வாசிப்பு, மதிப்புமிக்க ஒரு சான்றை இழந்துவிடுகிறது. மூன்றாவது, அந்நேர்மை தன் உழைப்போடு நின்றுவிடுகிறது. கூலி குறைக்கப்பட்ட பூத்தையல் பெண்ணும் கித்மிரின் பணிப்பெண்களும் பழைய மேலங்கியைத் தைத்தவர்களும் ஒரே மறைவிலேயே இருக்கின்றனர். இரங்கல் வாசிப்பு இம்மறைவைக் காணவே காணாது.

தமிழில் தன்வரலாற்று ஆய்வு இன்று விரிந்துவருகிறது. எழுதியவர் எவ்வகுப்பினர் என்னும் வினா அவ்வாய்வுக்கு இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று. நூலில் வரும் ஒவ்வோர் ஆடையையும் அணிகலனையும் உணவையும் ‘இதனைச் செய்தவர் யார், அவர் பெயர் இங்கு உளதா’ என்று வினவிப் படிக்கும் முறை, உயர்ந்தோர் எழுத்தையும் ஒடுக்கப்பட்டோர் எழுத்தையும் ஒருங்கே அணுக வழிதரும். பொற்பதக்கத்தின் சான்றிதழில் தம் பெயர் இல்லாததை மரியா கண்டுகொண்டார். அப்பதக்கத்திற்குரிய பூக்களைத் தைத்த பிறர் பெயரும் அதில் இல்லை என்பதைக் காண்பது, அவருக்குப் பின் படிக்கும் நம் கடமையாகும்.